கசிந்த தகவலும் காப்பீட்டுதாரரின் மௌனமும்



சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள், டெலிகிராம் செயலியில் சாட்பாட்கள், அதாவது கேட்டதற்குத் தாமாகவே பதில் தரும் நிரல்கள், வழியே எவருக்கும் கிடைத்துவந்ததை 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றோடு அடையாள அட்டை நகல்களும் மருத்துவப் பரிசோதனை முடிவுகளும் அவற்றில் இருந்தன. 3 கோடிக்கும் மேற்பட்டோரின் தகவல் தன்னிடம் உள்ளதாகத் திருடியவர் கூறிக்கொண்டார். பரவலான பாதிப்பு இல்லை என்று நிறுவனம் முதலில் விளக்கமளித்தது. பின்னர் டெலிகிராம் மீதும் அந்த ஊடுருவாளர் மீதும் நிறுவனம் வழக்குத் தொடுக்க, சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எவருடைய நோயும் சிகிச்சையும் ஊரறிய விற்பனைக்கு வந்தனவோ, அந்தக் காப்பீட்டுதாரர் அவ்வழக்கில் ஒரு தரப்பினராகக்கூட இல்லை.

இத்தகைய செய்தி வரும்போது மக்கள் சில நாள் கொதித்துவிட்டு அதே நிறுவனத்திடமே பாலிசியைப் புதுப்பிப்பதைக் கண்டு, அவர்களுக்கு அந்தரங்கத்தில் அக்கறையில்லை என்று முடிவு கட்டுவோர் உண்டு. அம்முடிவு மேலோட்டமானது. மருத்துவக் காப்பீட்டை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் உரிமை இருந்தாலும், புதுப்பிக்கும் நாளுக்குக் குறைந்தது 45 நாள் முன்னரே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதாலும், சர்க்கரை நோயும் இதய நோயும் உள்ள முதியவரைப் புதிய நிறுவனம் மறுக்கக்கூடும் என்பதாலும், கோபம் இருந்தும் வாடிக்கையாளர் நகர முடிவதில்லை. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். கசிந்த நோய்க்குறிப்பை மாற்ற வழியே இல்லை.

நம்பிக்கை தவறும்போது பழி யார்மேல் விழுகிறது என்பதில் அன்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு உண்டு. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார் என்ற தமிழக வணிகச் சமூகத்தினர் முதலாளி, அவர் முன்னோர் ஆகியோரின் பெயர் முதலெழுத்துகளையே கடையின் விலாசமாகக் கொண்டிருந்தனர்.  எனவே கடை நாணயம் தவறினால் இழுக்கு ஒரு குடும்பத்தின் பெயர்மேல் நேராக விழுந்தது. இன்றைய நிறுவனத்தில் அது வாடிக்கையாளர் சேவை மையத்தில் தொலைபேசி எடுக்கும் ஊழியர்மேல் விழுகிறது.

2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய பாதுகாப்பு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அத்தொகை அரசின் கருவூலத்துக்குச் செல்லும், பாதிக்கப்பட்டவருக்கு அன்று. இழப்பீடு கோர வழிவகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இப்புதிய சட்டம் நீக்குகிறது. மேலும், சட்டம் வகுத்த கடமைகளில் தவறும் தனிமனிதருக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பறிகொடுத்தவருக்கு எதுவும் தராத சட்டம் அவரிடம் வசூலிக்க மட்டும் இடம் வைத்திருப்பது விந்தையே.

ஆகவே தற்காப்பு பெரும்பாலும் தனிமனிதர் தலையிலேயே விழுகிறது. விடுதி அறைக்கு முழு ஆதார் நகலைத் தராமல், கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைப்பு ஆதாரைத் தருவது, ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைக்காதிருப்பது, தம் பெயரில் எவரேனும் கடன் வாங்கியுள்ளனரா என்று ஆண்டுக்கொரு முறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையில் பார்ப்பது, இணைய மோசடியில் பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைப்பது ஆகியவை பயன்தரும். எனினும், கேட்கவே வேண்டாத தகவலை நிறுவனம் கேட்டு வாங்கிச் சேர்த்துவைக்கும் வரை இவை பாதி வேலையே.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கென 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி, தகவல் கசிந்தால் என்ன நேர்ந்தது, விளைவு என்ன, எவ்வாறு காத்துக்கொள்வது என்பதை நிறுவனம் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் எளிய முறையில் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். இக்கடமை 2027இல் நடைமுறைக்கு வரும்போது இன்று பட்டம் பெறுவோர் பலர் பிறர் தகவலைக் கையாளும் இத்தகைய நிறுவனங்களில் பணியில் இருப்பர். சட்டத்துறையின் மழுப்பல் ஆங்கிலத்தை விடுத்து, நகரத்தார் ஊர்களான தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ தனியே வாழும் ஒரு முதியவர் பிறர் துணையின்றிப் படித்தறியும் தமிழில் அவ்வறிவிப்பை எழுதும் பொறுப்பு அவர்களிடம் வந்து சேரும்.