நேற்றை அறியாத பணியாள்



ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில் நான் இரு வாரம் விடுப்பில் செல்ல நேர்ந்தது. பாடக் குறிப்பேட்டில் 'பின்னங்கள் முடிந்தன' என்று எழுதிவைத்துச் சென்றேன். அது பொய்யன்று, பாடம் முடிந்திருந்தது. ஆயினும், பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் முறை பாதி வகுப்பிற்கு விளங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனை நான் எழுதவில்லை. எனக்குப் பதிலாக வந்த ஆசிரியர் குறிப்பை நம்பி விகிதப் பாடத்தைத் தொடங்கினார். நான் திரும்பி வந்தபோது, கணக்கென்றாலே தலைகுனியும் வகுப்பொன்று எனக்காகக் காத்திருந்தது. பிழை அவருடையதன்று, என்னுடையதே.

அந்தப் பழைய நிகழ்ச்சியை அண்மையில் நினைப்பூட்டியது ஒரு கணிப்பொறி. என் பழைய மாணவர் ஒருவர், பள்ளி ஒன்றிற்கு மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் நிரலைச் செயற்கை அறிவு முகவர் ஒன்றின் துணையோடு அமைத்து வந்தார். முகவர் என்பது யாது? கேட்ட கேள்விக்கு விடை கூறுவதோடு நில்லாமல், கோப்புகளைத் தானே திறந்து படித்து, திருத்தி, இயக்கிப் பார்த்து, ஒரு வேலையைப் பல படிகளில் முடிக்க முயலும் மென்பொருள் அது.

முதல் நாள் அந்த முகவர் ஒரு குறையைக் கண்டறிந்தது. தேர்வுக்கு வராத மாணவருக்கும் நிரல் சுழியம் இட்டு வந்தது. நால்வரில் மூவர் 60, 50, 40 பெற, ஒருவர் வரவில்லை எனக் கொள்ளுங்கள். எழுதியவர்களின் சராசரி 50. வராதவருக்குச் சுழியம் இட்டால் அது 37.5 ஆகிவிடும். எனவே அந்தக் கட்டத்தை வெற்றாக விடுவதென முடிவாயிற்று. மறுநாள் புதிய அமர்வு தொடங்கியது. வெற்றுக் கட்டங்களைக் கண்ட முகவர், அவற்றைக் குறையெனக் கருதி, அனைத்தையும் சுழியத்தால் நிரப்பிவிட்டது! அந்தப் பட்டியல் பெற்றோர் கைக்குப் போகாமல் தப்பியது, மாணவர் கூட்டிப் பார்க்கும் பழக்கமுடையவர் என்பதால்தான்.

முகவர் நேற்றை மறந்தது என்பதுகூடப் பொருந்தாது. நேற்றை அது அறியவே இல்லை. அதன் அறிவு, பயிற்சியின்போது ஏராளமான எழுத்துகளிலிருந்து பெற்றது. பயிற்சி முடிந்தபின், நாம் அதனோடு உரையாடுவதால் அவ்வறிவு தானே மாறுவதில்லை. அன்றைய பேச்சும் படித்த கோப்புகளும் தங்குமிடம் வேறு. அதனைக் கரும்பலகை எனக் கருதலாம். 2020-இல் வந்த ஜிபிடி-3 என்னும் மாதிரியின் பலகை 2,048 சொல்துண்டுகளையே கொண்டது. 2024-இல் வந்த ஜெமினி 1.5 பத்து இலட்சம் துண்டுகளை ஏற்றது. பலகை எவ்வளவு பெரிதாயினும், புதிய அமர்வில் அது துடைத்தே தரப்படுகிறது. சில சேவைகள் நினைவு என்ற பெயரில் சேமித்துத் தருவனவும், புறத்தே எழுதிவைத்து மீண்டும் பலகையில் ஏற்றப்படும் குறிப்புகளே.

மனிதரிடத்தும் இத்தகைய நிலை காணப்பட்டதுண்டு. அமெரிக்காவில் ஹென்றி மோலேசன் என்பாருக்கு, வலிப்பு நோய் நீங்கும்பொருட்டு 1953-இல் மூளையில் அறுவை செய்யப்பட்டது. அப்போது அவருக்கு வயது 27. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் நிலைக்கவில்லை. கண்ணாடியில் பார்த்து விண்மீன் வடிவத்தைக் கோடிட்டு வரையும் பயிற்சியை உளவியலறிஞர் பிரெண்டா மில்னர் அவருக்கு அளித்தார். நாளுக்கு நாள் கை தேர்ந்தது. ஆனால் முன்பு வரைந்த நினைவே அவருக்கு இல்லை. முகவரின் நிலை இதனினும் குறைவு: நேற்றைய பயிற்சியால் கைகூடத் தேர்வதில்லை.

அப்படியாயின், நேற்றைய உரையாடல் முழுவதையும் படிக்கக் கொடுத்தால் என்ன? என் மாணவர் அவ்வாறும் செய்து பார்த்தார். அதில் தவறிய முயற்சிகளும் கைவிட்ட எண்ணங்களும் கலந்திருந்தன. எது முடிவு என்பது முகவருக்கே தெளிவாகவில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் என்னும் கருவி, எந்த வரி எப்போது மாறியது என்பதைத் தவறாமல் காட்டும். ஏன் மாறியது என்பதை, மாற்றியவர் எழுதினாலன்றி அது காட்டாது.

ஆகவே அவர் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். வேலையை நிறுத்துமுன் முகவர் சிறு ஒப்படைப்புக் குறிப்பு எழுதவேண்டும். 'வராதவர் கட்டம் வெற்றாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. சுழியம் இட்டால் சராசரி தாழும்' என்பது அதன் முதல் வரி. முயன்று தோற்ற வழியும் அதில் இருக்கவேண்டும்; இல்லையேல் மறுநாள் அதே சுவரில் மீண்டும் முட்டிக்கொள்ளும். நம்மில் பலர் வெற்றியை மட்டும் குறித்துவைப்பவர்கள். தோல்வியை எழுத நாணுகிறோம். இயந்திரத்திற்கு நாணமில்லை, கேட்டால் எழுதிவிடுகிறது. எஞ்சிய வேலையையும், அதனை எந்தக் கோப்பிலிருந்து தொடங்குவது என்பதையும் சேர்த்து ஒரு பக்கத்திற்குள் அடக்கவேண்டும்.

புதிய அமர்வு அதனைப் படித்ததும் உடனே வேலையில் இறங்குவதில்லை. குறிப்புக்கும் கோப்புக்கும் பொருத்தம் உண்டா என நிரலை ஒருமுறை இயக்கிப் பார்க்கிறது. இந்தப் படியை மாணவர் பின்னரே சேர்த்தார். காரணம், ஒருநாள் குறிப்பில் 'சராசரிகள் சரிபார்க்கப்பட்டன, முடிந்தது' என்றிருந்தது. இயக்கிப் பார்த்தபோது, 'அ' பிரிவு மட்டுமே சரிபார்க்கப்பட்டிருந்தது. 'ஆ' பிரிவை முகவர் தொடவே இல்லை.

அந்தக் குறிப்பை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். 'முடிந்தது' என்ற சொல்லில் நிறுத்தி, "ஐயா, இது எப்படி இருக்கிறது பாருங்கள்!" என்று நகைத்தார். பின்னக் கணக்கின் கதையை அன்றுதான் அவருக்கு முதன்முறையாகச் சொன்னேன்.