எந்தச் சட்டக் கல்லூரி? – ஒரு தாத்தாவின் அனுபவம்
(நம் சங்கத்தின் கொள்ளேகால் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பன்னிரண்டாவது முடித்த குழந்தைகளுக்கு மேல் படிப்பு பற்றி நாலு வார்த்தை பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டார். இன்ஜினீயரிங், மெடிக்கல் பற்றிப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். நான் சட்டப் படிப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நான் வக்கீல் அல்ல, பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் 2025-ஆம் வருஷம் எங்கள் அகத்தில் ஆறு மாதம் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை. அதில் நான் செய்த தவறையும் சேர்த்துச் சொல்கிறேன். பத்திரிகையில் படிக்கும் மற்ற ஊர் அங்கத்தினர்களுக்கும் உபயோகப்படலாம்.

முதலில் என் தகப்பனாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் இந்த ஊர்க் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். அப்போது கொள்ளேகால் தாலுகா மதராஸ் ராஜ்யத்தில், கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. அப்பீல் என்றால் கட்டைத் தூக்கிக் கொண்டு திம்பம் மலை இறங்கிக் கோயமுத்தூர் போக வேண்டும், அதற்கு மேல் மதராஸ் ஹைகோர்ட். 1956 நவம்பர் முதல் தேதி மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோது நாம் மைசூர் ராஜ்யத்துக்கு வந்தோம். கட்டுகள் எல்லாம் மைசூர், பெங்களூர் பக்கம் திரும்பின. 1997-ல் சாமராஜநகர் தனி ஜில்லா ஆனபோது அதில் சேர்ந்தோம். அப்பாவுக்கு பி.எல். படிக்க ஆசை. அந்தக் காலத்தில் அதற்கு மதராஸ் லா காலேஜுக்குப் போக வேண்டும். 1891-ல் ஏற்பட்ட பழைய கல்லூரி அது. பணம் இல்லை, போகவில்லை. கடைசி வரை அடுத்தவர் வக்காலத்தைச் சுமந்தார். எனக்கும் அந்தப் படிப்பு அமையவில்லை.

ஆகவே என் பேத்தி, "தாத்தா, நான் லா படிக்கப் போகிறேன்" என்றதும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கூடவே ஒரு தீர்மானமும் வந்துவிட்டது. படித்தால் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்க வேண்டும்!

இந்தத் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் என்பது என்ன? பேராசிரியர் மாதவ மேனன் அவர்களின் முயற்சியால் பெங்களூரில் நேஷனல் லா ஸ்கூல் 1988-ல் முதல் வகுப்பைத் தொடங்கியது. பன்னிரண்டாவதுக்குப் பின் ஐந்து வருஷம், விடுதியில் தங்கிப் படிப்பு. இன்று நாடெங்கும் இருபதுக்கும் மேல் இப்படி இருக்கின்றன. திருச்சியில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2013-ல் வகுப்புகளைத் தொடங்கியது. பெரும்பாலானவற்றுக்கு 'கிளாட்' என்ற பொது நுழைவுத் தேர்வு உண்டு. 120 கேள்வி, இரண்டு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மார்க் கழிவு. டில்லியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 'ஐலெட்' என்று தனித் தேர்வு.

பேத்தி 2024 டிசம்பரில் கிளாட் எழுதினாள். அந்த வருஷத்துக் கேள்வி-விடைகளில் சில தவறு என்று வழக்குப் போய், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் கவுன்சலிங் நடந்தது. சட்டம் படிக்கப் போகும் குழந்தைகளுக்கு முதல் பாடமே ஒரு வழக்கு! பெங்களூரில் கர்நாடக மாணவர்களுக்கென்று 25 சதவீத இடம் உண்டு. பத்து வருஷம் இந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். இவளுக்கு அந்தத் தகுதி இருந்தும் ராங்க் எட்டவில்லை. திருச்சியில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்று உள்ள இடங்கள் இவளுக்குக் கிடையாது. வீட்டில் பேசுவது தமிழ், ஆனால் ஊர் கர்நாடகம். 1956-ல் கோடு கிழித்ததன் பலன் எழுபது வருஷம் கழித்து எங்கள் வாசலில் வந்து நின்றது.

கடைசியில் கிடைத்தது வடக்கே வெகு தூரத்தில் ஒரு புதிய தேசிய சட்டப் பல்கலைக்கழகம். இன்னொரு பக்கம் மைசூரில் ஒரு சட்டக் கல்லூரியில் இடம் தயாராக இருந்தது. ஹூப்ளியில் 2009-ல் ஏற்பட்ட கர்நாடக மாநிலச் சட்டப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அதற்குக் கிளாட் வேண்டாம். நம் ஊரிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர், வாராவாரம் அகத்துக்கு வந்து போகலாம்.

நான் ஒரேயடியாக வடக்கே என்றேன். மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. பெண் அழுதாள். பேத்தி மட்டும் நிதானமாக, "தாத்தா, நீங்கள் பாங்கில் எத்தனை பேருக்குக் கல்விக் கடன் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்? எனக்கும் போடுங்களேன்" என்றாள்.

போட்டேன். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட பல்கலைக்கழகங்களில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் வருஷத்துக்கு இரண்டு, மூன்று லட்சத்துக்குக் குறையாது. சிலவற்றில் அதற்கும் மேல். ஐந்து வருஷத்துக்குப் பதினைந்து லட்சம் கடன் என்று வைத்துக் கொள்ளுங்கள். பத்து சதவீத வட்டி, பத்து வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 19,800 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி அசலில் ஏறினால் இன்னும் அதிகம். 2024-ல் வந்த பிரதம மந்திரி வித்யாலக்ஷ்மி திட்டத்தில், தரவரிசையில் தேர்ந்த கல்வி நிறுவனங்களுக்கு ஜாமீன் இல்லாமல் கடன் தருகிறார்கள். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் பத்து லட்சம் வரை உள்ள கடனுக்கு மூன்று சதவீத வட்டிச் சலுகை உண்டு. நாம் சேரும் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சலுகை கிடைத்தாலும் அசல் அசல்தான்.

சரி, படித்து வெளியே வரும் ஜூனியர் வக்கீலுக்கு வருமானம் என்ன? 2024 அக்டோபரில் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா ஒரு சுற்றறிக்கை விட்டது. ஜூனியர்களுக்கு நகரத்தில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், கிராமப்புறத்தில் 15,000 ரூபாய் கொடுங்கள் என்று சிபாரிசு. சிபாரிசுதான், கட்டாயம் இல்லை. ஆக, நகரத்து ஜூனியருக்குக் கொடுக்கச் சொன்ன முழுத் தொகையும் கடன் தவணைக்கே சரியாகப் போய்விடும். சாப்பாடு? பஸ்? வாடகை?

இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. பெரிய கடன் வாங்கிப் படித்தவன் கோர்ட்டுக்கு வர முடியாது. பெரிய நகரத்துக் கம்பெனி வேலைக்குத்தான் போயாக வேண்டும். அது தவறில்லை. அந்த வேலையில் ஆசை உள்ளவனுக்கு அந்தக் கடன் நல்ல முதலீடு. எங்கள் தெருவிலேயே ஒரு பையன் அப்படித்தான் போனான். அவனுக்குக் கம்பெனிச் சட்டத்தில்தான் நாட்டம், அங்கே நூலகமும், வாதப் போட்டிகளும், பழைய மாணவர்களின் உதவியும் ப்ரமாதமாக இருக்கின்றன என்கிறான். அவனுக்கு அது சரி.

ஆனால் என் பேத்திக்கு என்ன வேண்டும்? அன்று வரை நான் அதைக் கேட்கவே இல்லை. கேட்டேன்.

"தாத்தா, எதிர் அகத்துப் பாட்டியோட பாகப் பிரிவினை வழக்கு ஞாபகம் இருக்கா? கோர்ட்லேருந்து வந்த காயிதத்தை எல்லாம் நான்தான் அவாளுக்குப் படிச்சுச் சொன்னேன். எல்லாம் கன்னடம். அவாளோட வக்கீல் என்ன சொல்றார்னே அவாளுக்குப் புரியலை. எனக்கு அந்த மாதிரி மனுஷா பக்கத்துல நிக்கணும். இந்த ஊர் கோர்ட்லதான் ஆரம்பிக்கணும்."

ஹைகோர்ட்டிலும் உச்ச நீதிமன்றத்திலும் இங்கிலீஷ். ஆனால் தாலுகா கோர்ட்டில் சாட்சியும், பத்திரமும், வாதமும் கன்னடத்தில். அந்த வேலையை வடக்கே ஐந்து வருஷம் இருந்து கற்க முடியாது. மாநிலப் பல்கலைக்கழகத்திலோ பரீட்சையையே கன்னடத்திலும் எழுதலாம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா படிக்காத படிப்பை நான் பேத்தி தலையில் ஏற்றப் பார்த்திருக்கிறேன். அப்பா ஆசைப்பட்டதும் பெரிய கல்லூரியின் பெயருக்காக அல்லவே! இதே கோர்ட்டில், தான் கட்டுத் தூக்கிய இடத்தில், ஒரு நாளாவது எழுந்து நின்று பேச வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதை நான் மறந்தே போய்விட்டேன். காலையில் பேத்தியிடம், "மைசூருக்கே போம்மா" என்றேன்.

மைசூர் என்றால் எல்லாம் சௌகரியம் என்று சொல்ல வரவில்லை. குறைகள் உண்டு. வகுப்பில் கூட்டம் அதிகம், வாதப் போட்டிக்கு அனுப்பும் வசதி குறைவு, பெரிய இடங்களில் பயிற்சிக்குச் சிபாரிசு செய்ய ஆள் இல்லை. அதை ஈடு செய்ய மூன்று விஷயம் பேசி வைத்துக் கொண்டோம். ஒன்று, தினம் ஒரு தீர்ப்பை முழுக்கப் படித்துச் சொந்த இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுத வேண்டும். இரண்டு, ஐந்து வருஷப் படிப்புக்கு மொத்தம் இருபது வாரம் பயிற்சி என்பது பார் கவுன்சில் விதி. அதைக் கையெழுத்துக்காக மட்டும் செய்யாமல், ஒவ்வொரு லீவிலும் ஒரு வக்கீல் ஆபீஸில் உட்கார வேண்டும். மூன்று, கடன் வாங்காததால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை அவள் பெயரில் போட்டு வைப்பது. முதல் மூன்று வருஷம் வருமானம் இல்லாவிட்டாலும் தொழிலில் நிற்க அது உதவும்.

மூன்று வருஷம் என்று ஏன் சொல்கிறேன்? 2025 மே 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. சிவில் ஜட்ஜ் பதவிக்குத் தேர்வு எழுத, குறைந்தது மூன்று வருஷம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும். படிப்பு முடிந்த கையோடு முன்சீப் பரீட்சை எழுதிவிடலாம் என்று கணக்குப் போடும் குடும்பங்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அந்த மூன்று வருஷம் தலையில் கடன் இல்லாமல் இருந்தால்தான் தாக்குப் பிடிக்க முடியும்.

இன்னொரு எச்சரிக்கை. என் உறவுக்காரப் பையன் ஒருவன், விளம்பரத்தைப் பார்த்து ஓர் ஊரில் சட்டக் கல்லூரியில் சேர்ந்தான். அந்தக் கல்லூரிக்கு அந்த வருஷம் பார் கவுன்சில் அங்கீகாரம் புதுப்பிக்கப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு வருஷம் வீண். எனவே பணம் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்புக்கு, நாம் சேரும் வருஷத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று பார் கவுன்சில் பட்டியலில் பாருங்கள். கட்டடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பணச் செலவில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. வக்கீலாகப் பதிவு செய்யச் சில மாநிலங்களில் பல ஆயிரம் வாங்கினார்கள். சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 125 ரூபாய். பதிவு செய்வதோடு அகில இந்திய பார் தேர்வு ஒன்றும் எழுதித் தேற வேண்டும்.

"பெரிய கல்லூரியில் படிக்காவிட்டால் முன்னுக்கு வர முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். பொள்ளாச்சிக்காரரான கே.வி. விஸ்வநாதன் அவர்கள் கோயமுத்தூர் சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்புப் படித்தவர். 1988-ல் வக்கீலாகப் பதிவு செய்து டில்லிக்குப் போனார். 2023 மே மாதம் வக்கீல் தொழிலிலிருந்து நேராக உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். ஒரு காலத்தில் நம் கட்டுகள் போன அதே கோயமுத்தூர்! எல்லோருக்கும் அப்படி அமையும் என்பதில்லை. கல்லூரிப் பெயர் முதல் கதவைத் திறக்கும், அதற்குப் பிறகு உழைப்புதான் என்பதற்காகச் சொன்னேன்.

ஆகவே குழந்தைகளே, நீங்கள் யாருக்காக, எந்தக் கோர்ட்டில், எந்த மொழியில் பேசப் போகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். பிறகு அதற்கு ஏற்ற கல்லூரியைத் தேடுங்கள். கடன் வாங்குவதற்கு முன் தவணையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரே விண்ணப்பம். உங்கள் நிறைவேறாத ஆசையைக் குழந்தையின் அப்ளிகேஷனில் எழுதாதீர்கள். நான் எழுதப் பார்த்தேன், நல்ல வேளை, அவள் அடித்துத் திருத்தினாள்.

போன லீவில் பேத்தி நம் ஊர் வக்கீல் ஒருவர் ஆபீஸில் உட்கார்ந்தாள். ஒரு நாள் சாயங்காலம் கட்டு ஒன்றைக் கையில் தூக்கிக் கொண்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா வருவது போலவே இருந்தது. "என்ன தாத்தா அப்படிப் பார்க்கறேள்?" என்றாள். "ஒண்ணுமில்லைம்மா, உள்ளே வா, காபி ஆறிடும்" என்றேன்.