ஃபேன் சத்தமும் தாத்தா குரலும்: ஈக்யூ பற்றி ஒரு எபிசோட்

"வீட்ல ரெக்கார்ட் பண்ணா குரல் டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு, ஈக்யூவில் என்ன செட்டிங் போடணும்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி, ஈக்யூவை வச்சு நானே பண்ண ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

இந்த பாட்காஸ்ட் ஆரம்பிச்ச புதுசுல ஊருக்குப் போயிருந்தப்ப, தாத்தாவை உட்கார வச்சு 40 நிமிஷம் பேச வச்சேன். அவர் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த கதை. மே மாசம். தலைக்கு மேல ஃபேன் ஓடிட்டே இருந்தது. "நிறுத்தட்டுமா தாத்தா?"ன்னு கேட்டேன். "ஃபேனை நிறுத்தினா நானும் பேச்சை நிறுத்திடுவேன்"னார். சரின்னு அப்படியே எடுத்தேன்.

சென்னை வந்து எடிட் பண்ணும்போது பார்த்தா, அடியில விடாம ஒரு "ம்ம்ம்" ரீங்காரம். ஹை-பாஸ் ஃபில்டர் போட்டேன். அதாவது, நாம சொல்ற அளவுக்குக் கீழே இருக்கிற ஒலியை எல்லாம் வெட்டிடும். வீடியோல 80 ஹெர்ட்ஸ்ல வைக்கச் சொன்னாங்க. சத்தம் போகல. 120 வச்சேன், போகல. 200-க்கு ஏத்தினேன், சுத்தமா போச்சு. அதோட நிறுத்தாம, தெளிவா இருக்கட்டும்னு 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தூக்கியும் விட்டேன். எம்பி3 ஆக்கி அப்லோட் பண்ணிட்டு, லேப்டாப்ல இடம் இல்லைன்னு ஒரிஜினல் ஃபைலை அழிச்சிட்டேன். ஆபீஸ்ல கிட் இல்லாம ஒரு வரி கோட் எழுத மாட்டேன். அதே ஆள்தான் இந்த வேலையைப் பார்த்தது.

இப்ப என்ன நடந்ததுன்னு பாருங்க. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரம் பெரும்பாலும் அதன் இரட்டிப்பில், 100 ஹெர்ட்ஸில் வரும். ஒரு ஆணின் பேச்சுக் குரலுடைய அடிப்படை அதிர்வெண்ணும் தோராயமாக 85-லிருந்து 180 ஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கும். தாத்தாவோடது 100-ஐ ஒட்டி. ஃபேனும் தாத்தாவும் ஒரே வீட்ல குடியிருந்தாங்க, நான் வீட்டையே இடிச்சிட்டேன். என் ஃபில்டர் ஆக்டேவுக்கு 24 டெசிபல் இறங்குற வகை. 200-க்கு ஒரு ஆக்டேவ் கீழே 100. அங்கே அலையின் உயரம் கிட்டத்தட்ட 16-ல் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும்.

சரி, ஏன் எனக்கு அப்பவே தெரியல? அடிப்படை அதிர்வெண் இல்லாட்டியும், அதோட மடங்குகளான 200, 300, 400 இருந்தா, மூளை சுருதியைத் தானே கணக்குப் போட்டுக்கும். பழைய போன் லைன் 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கடத்தும். ஆனாலும் அப்பா "ஹலோ"ன்னா அப்பான்னு தெரியும். நான் எடிட் பண்ணது லேப்டாப் ஸ்பீக்கர்ல. அதுல 100 ஹெர்ட்ஸ் ஒழுங்கா வரவே வராது. இல்லாத ஒண்ணை வெட்டினா காதுக்கு எப்படித் தெரியும்?

தாத்தா போய் முதல் வருஷ திதி. வீட்ல எல்லாரும் இருந்தாங்க, பெரிய ஸ்பீக்கர்ல அந்த எபிசோடைப் போட்டேன். ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு அத்தை, "இது அப்பா மாதிரியே இல்லடா. யாரோ ரேடியோல பேசற மாதிரி இருக்கு. அவர் பேசினா நெஞ்சுல இருந்து வருமே"ன்னாங்க. அத்தைக்கு ஹெர்ட்ஸ் எல்லாம் தெரியாது. ஆனா எங்கே ஓட்டைன்னு கரெக்டா சொல்லிட்டாங்க.

வெட்டினதைத் திருப்பிப் போட்டா சரியாகிடும்னு நினைச்சேன். கணக்குப்படி அது நியாயம்தான், ஃபில்டருக்கு எதிர் ஃபில்டர் எழுதலாம். பைத்தானில் பத்து வரி. 24 டெசிபல் குறைச்ச இடத்துல 24 டெசிபல் ஏத்தினேன். தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி கொப்பளிச்சது. காரணம் எம்பி3. பெரிய ஒலிக்குப் பக்கத்துல அமுங்கிக் கிடக்கிற சின்ன ஒலி எப்படியும் கேட்காதுன்னு, அதைத் துல்லியமில்லாமத்தான் சேமிக்கும், சில சமயம் தூக்கியே போட்டுடும். நான் சின்னதாக்கி வச்சதை அது சிதைச்சிடுச்சு. நான் ஏத்தினது அந்தச் சிதைவைத்தான்.

வடபழனியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் வேலை பார்க்கிற நண்பன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். முதல் கேள்வி: "ரா ஃபைல் எங்கடா?" நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

அப்புறம் அவன் திரையில் திறந்தது ஒரு பழைய பெட்டியோட சாஃப்ட்வேர் நகல். பெட்டியின் பெயர் பல்டெக். அமெரிக்காவின் நியூஜெர்சியில் யூஜின் ஷெங்க், ஆலிவர் சம்மர்லின்னு ரெண்டு பேர் நடத்தின பல்ஸ் டெக்னிக்ஸ் கம்பெனி 1951-இல் கொண்டு வந்தது. அதுவரைக்கும் ஈக்வலைசர் பெரும்பாலும் பழுதுபார்க்கிற சாமான். பேரைப் பாருங்க, "சமமாக்கி". நீளமான டெலிபோன் கம்பியில் போகும்போது மேல் அதிர்வெண்கள் தேயும், அதைப் பழையபடி சமமாக்கத்தான் இந்த வகை சர்க்யூட்டே வந்தது. பல்டெக் மாதிரிப் பெட்டிகள் வந்த பிறகு, பழுது இல்லாத ஒலியையும் ரசனைக்காகத் திருக ஆரம்பிச்சாங்க.

அதுல வேடிக்கை என்னன்னா, கீழ் அதிர்வெண்ணுக்கு ஏத்த ஒரு குமிழ், இறக்க ஒரு குமிழ், ரெண்டும் தனித்தனி. ஏத்திட்டே இறக்கலாம். பார்க்க முட்டாள்தனம். ஆனா ரெண்டு வளைவும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்காராது. அதனால அடியில ஒரு மேடு கிடைக்கும், அதுக்குச் சற்று மேல ஒரு பள்ளம் விழும். குரலுக்கு நெஞ்சு வரும், ஆனா டப்பா சத்தம் வராது. இது மத்த ஈக்யூவில் ஒரே குமிழால வராது.

ஒரே குறை, அந்தப் பெட்டியில் அடிக்கு 20, 30, 60, 100 ஹெர்ட்ஸ்தான். 107 வேணும்னா கிடையாது. எந்த அதிர்வெண், எவ்வளவு, எத்தனை அகலம்னு மூணையும் தனித்தனியா விருப்பப்படி திருப்புற முறையை விளக்கி, 1972-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி மாநாட்டில் ஜார்ஜ் மாசன்பர்க் ஒரு கட்டுரை வாசிச்சார். பாராமெட்ரிக் ஈக்யூங்கிற பேர் அங்கிருந்து வருது. இன்னிக்கு உங்க இலவச சாஃப்ட்வேர்ல இருக்கிறதும் அந்த மூணு குமிழ்தான்.

அன்னிக்கு எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான். 100 ஹெர்ட்ஸ்ல, ஊசி மாதிரி ஒடுக்கமா ஒரே ஒரு வெட்டு, தேவைப்பட்டா 200-இல் இன்னொண்ணு. குரல் ஏறி இறங்கும், கேள்வி கேட்டா மேல போகும், அலுத்துக்கிட்டா கீழ வரும். ஃபேன் நகராது. நின்ன இடத்துலயே அதைப் பிடிச்சிருக்கலாம், தாத்தாவும் தப்பிச்சிருப்பார்.

இப்ப உங்க டப்பா விஷயம். அது பெரும்பாலும் ரூமோட பிரச்சினை, சுவர்ல பட்டு வர்ற எதிரொலி. முதல்ல கனமான போர்வையைத் தொங்க விட்டு, மைக்குக்குப் பக்கத்துல வந்து பேசுங்க. அப்புறமும் இருந்தா 300-லிருந்து 500 வரைக்கும் தேடி, 3 டெசிபல் குறைச்சுப் பாருங்க. தூக்கினா சத்தம் கூடும், சத்தம் கூடினா எதுவுமே நல்லாத்தான் தெரியும். அதனால ஈக்யூ போட்டதையும் போடாததையும் ஒரே அளவு சத்தத்துல வச்சு ஒப்பிடுங்க. ஒரு தடவை நான் பத்து நிமிஷம் குமிழைத் திருகி, "ஆஹா, இதம்"னு தலையாட்டிட்டு இருந்தேன். கடைசில பார்த்தா பைபாஸ் ஆன்ல இருக்கு. ரா ஃபைலை வேற டிரைவ்ல வச்சிட்டுத்தான் இதெல்லாம்.

அத்தை போன்ல தாத்தாவோட ஒரு வாட்ஸாப் வாய்ஸ் நோட் மிஞ்சியிருந்தது, 14 விநாடி. "வரும்போது வெத்தலை வாங்கிட்டு வா." நண்பன் அதைப் பக்கத்துல ஓடவிட்டு, அந்த நெஞ்சுச் சத்தத்துக்குக் காதாலயே அளவு பார்த்து, எபிசோடைச் சரி பண்ணினான். நான் தூக்கின 4 கிலோஹெர்ட்ஸை முழுசா இறக்கினான். அடியில அவனால முடிஞ்சது ஒரு 6 டெசிபல். அதுக்கு மேல போனா கொப்பளிப்பு வந்துடுது. அத்தைக்கு அனுப்பினேன். "பக்கத்து ரூம்ல இருந்து பேசற மாதிரி இருக்கு"ன்னு பதில் வந்தது.

ரெண்டையும் போடறேன், ஹெட்ஃபோன்ல கேளுங்க. முதல்ல நான் கெடுத்தது, அடுத்தது அவன் சரி பண்ணது.

[ஒலி: தாத்தாவின் குரல், இரண்டு பதிப்புகள்]