ஒரு குளத்தில் ஒத்து வாழும் மீன்கள்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



குளமோ குட்டையோ ஊருணியோ இல்லாத ஊரை நம் நாட்டில் காண்பது அரிது. மழைக்காலத்தில் நிரம்பிக் கோடையில் வற்றும் இந்நீர்நிலைகள் பாசனத்துக்கும் கால்நடைக்கும் பயன்படுகின்றன. முறையாகப் பேணினால் ஊராட்சிக்கு வருவாயும் ஊராருக்கு நல்லுணவும் அளிக்க வல்லவை. 1992ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம், ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலில் மீன்வளத்தையும் சேர்த்துள்ளது. ஆகவே குளத்து மீன் என்பது ஏலத்தில் விட்டுப் பணம் பெற்றதோடு மறந்துவிடும் விஷயமன்று; மன்றம் கூடி ஆலோசிக்க வேண்டிய பொருளாகும்.

"ஆயிரம் குஞ்சு விட்டோம்; அறுவடையில் நூறு கூட வரவில்லை" என்ற குறை பல ஊர்களில் கேட்கிறது. திருட்டின் மீதும் கொக்கின் மீதும் பழி போடுகிறோம். அவையும் காரணமாகலாம். ஆயினும், ஒன்றோடொன்று ஒத்து வாழாத இனங்களை ஒரே நீரில் விட்டதே பெரும்பாலும் முதற்காரணமாக இருக்கும். விலை அதிகம் என்பதற்காக மீனைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாறுகிறார். எங்கே மேய்கிறது, எதைத் தின்கிறது, யாருடன் போட்டியிடுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் பயனடைகிறார். இன்று நான் சொல்ல விரும்புவது இது ஒன்றே.

மூன்று அடுக்குப் பயிர்

தென்னந்தோப்பில் தென்னைக்கிடையே வாழையும், அதன் நிழலில் மஞ்சளும் பயிரிடுகிறோம். வெயிலும் மண்ணும் வீணாவதில்லை. குளத்து நீருக்கும் மேல், நடு, அடி என மூன்று அடுக்குகள் உண்டு. ஒவ்வோர் அடுக்கிலும் வேறு வேறு உணவு உண்டு. ஓர் அடுக்கு மீனை மட்டும் விட்டால் மற்ற இரண்டின் உணவும் வீணாகும். விட்ட மீனும் தன் இனத்தோடேயே போட்டியிட்டு மெலியும்.

தோப்பா மீன் என்று நாம் அழைக்கும் கட்லா மேலடுக்கில் மேய்வது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களே அதன் உணவு. ரோகு நடு அடுக்குக்குரியது. பாசியையும் மக்கும் தாவரப் பொருள்களையும் தின்னும். மிர்கால் அடித்தரையில் மக்கிக் கிடப்பதைத் தின்று வாழும். குஞ்சு வாங்கும்போது வாயைப் பாருங்கள். கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும். மிர்காலின் வாய் கீழ்நோக்கி இருக்கும். எந்த அடுக்கில் மேய்கிறது என்பதை வாயே சொல்லிவிடும்.

ஏக்கருக்கு 2,000 குஞ்சுகள் என்பது நடைமுறைக்கு ஏற்ற அளவு. அரை ஏக்கர்க் குளமானால் 1,000. அவற்றில் கட்லா 400, ரோகு 300, மிர்கால் 300 என்று விடலாம். குஞ்சுகள் நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் இருத்தல் நலம். ஆண்டு முழுதும் நீர் நில்லாத குளங்களில், இருக்கும் சில மாதங்களுக்குள் மீன் வளர்ந்தாக வேண்டும். அங்கே சிறு குஞ்சுகளை மலிவாக வாங்கி விடுவதைவிட, எண்ணிக்கையைக் குறைத்துப் பெரிய விரலிகளை விடுவதே இலாபம்.

இம்மூன்றோடு வெளிநாட்டு இனங்கள் மூன்றையும் சேர்ப்பதுண்டு. வெள்ளிக் கெண்டையும் புல் கெண்டையும் 1959ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கு வந்தவை. வெள்ளிக் கெண்டை மேலடுக்கில் நுண்பாசியை வடித்து உண்ணும். அது கட்லாவுக்குப் போட்டியாக நிற்பதால் இரண்டையும் நிறைய விடலாகாது. அவ்வாறே சாதாக் கெண்டை அடித்தரையில் மிர்காலுக்குப் போட்டியாகும். கரை மண்ணைக் கிளறும் வழக்கமும் அதற்குண்டு. புல் கெண்டையோ வேறு எந்த மீனும் தீண்டாத நீர்ப்புல்லைத் தின்னும். அதன் கழிவு குளத்துக்கே உரமாகும். கொடி மண்டிய குளத்தில் நூறு மீனுக்கு ஐந்து அல்லது பத்து புல் கெண்டை போதும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். கலிங்கு வழியே நீர் வழிந்து ஓடைக்கும் ஆற்றுக்கும் செல்லும் ஏரிகளில் வெளிநாட்டு இனங்களை விட வேண்டாம். வெள்ளத்தோடு வெளியேறினால் ஆற்றில் வாழும் நம் மீன்களுக்கு அவை இடையூறாகும். அவை நாற்புறமும் கரையடைத்த குளத்துக்கே உரியவை.

சேர்க்கத் தகாதவை

விராலுக்குச் சந்தையில் நல்ல விலையுண்டு. அதனால் நாலு விராலையும் சேர்த்து விடுவோமே என்று சிலர் எண்ணுகிறார்கள். விரால் பிற மீன்களைத் தின்று வளரும் இனம். கெண்டைக் குஞ்சுகளின் நடுவே விராலை விடுவது ஆட்டுப்பட்டியில் ஓநாயை விடுவதற்கு ஒப்பாகும். விரால் வேண்டுவோர் அதற்கெனத் தனிக்குளம் வைத்துக்கொள்ளட்டும். ஆற்று வாளையும் இத்தகையதே. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்குத் தடையே உள்ளது. அது கிடைத்ததெல்லாம் தின்னும். வெளியே தப்பினால் நாட்டு மீன்களை அழிக்கும். யார் குஞ்சு கொண்டு வந்தாலும் ஊராட்சி அதனை அனுமதிக்கலாகாது.

ஜிலேபி மீன் வேறு வகையில் இடர் செய்கிறது. 1952ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட இவ்வினம், பிறந்த சில மாதங்களிலேயே முட்டையிடத் தொடங்கும். ஓராண்டுக்குள் குளம் நிறையச் சிறு மீன்கள். எடைக்கு நிற்கும் மீன் ஒன்றுமில்லை என்னும் நிலை வந்துவிடும். தேர்ந்தெடுத்துப் பெருக்கிய திலாப்பியா வகைகளை உரிய அனுமதியுடன் தனியே வளர்ப்போர் இன்று இருக்கின்றனர்; அது வேறு. தானாகப் புகுந்து பெருகும் பழைய ஜிலேபியையே நான் குறிப்பிடுகிறேன்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை; வெள்ளம் பெருகும் ஆறுகளிலேதான் இனம் பெருக்கும். எனவே முற்காலத்தில் ஆற்றிலிருந்து வலைத்துக் கொணர்ந்த குஞ்சுகளையே நம்பியிருந்தனர். அவற்றுள் கொன்றுண்ணும் மீன்களின் குஞ்சுகளும் கலந்தே வரும். 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரி, அலிகுஞ்ஞி ஆகிய அறிஞர்கள், மீனின் தலையிலுள்ள சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திப் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதன் பயனாக இனம் பிரித்த குஞ்சுகள் நமக்கு இப்போது கிடைக்கின்றன. நெல்லில் கலப்பு விதையை ஏற்காத உழவர், மீனிலும் கலப்புக் குஞ்சை ஏற்கலாகாது.

இறாலைச் சேர்ப்பது எப்படி?

நன்னீர் இறாலுக்கு நல்ல கிராக்கி இருக்கிறது. நீண்ட நீலநிறக் கொடுக்குடைய பெரிய நன்னீர் இறாலைக் கெண்டையோடு சேர்த்து வளர்க்க முடியும். ஆயினும் அதன் இயல்பறிந்து இடம் தர வேண்டும்.

இறால் தரையில் ஊர்ந்து வாழ்வது. ஆகவே இறால் விடும் குளத்தில் மிர்காலும் சாதாக் கெண்டையும் வேண்டாம். கட்லாவும் ரோகுவும் இறாலுக்கு ஏற்ற துணை. அரை ஏக்கரில் கட்லா 400, ரோகு 200, இறால் 1,500 என்ற அளவில் தொடங்கலாம்.

இறால் வளர வளரத் தன் ஓட்டைக் கழற்றிப் புதிய ஓடு பூணும். ஓடு கழன்ற வேளையில் அதன் உடல் மெத்தென்றிருக்கும், தற்காத்துக்கொள்ள வலுவிராது. அப்போது பிற இறால்களே அதனைத் தின்றுவிடும். எனவே மறைந்து கொள்ள இடம் அமைப்பது நம் கடமை. காய்ந்த பனையோலை, தென்னை மட்டை, உடைந்த ஓடு, குழாய்த் துண்டு ஆகியவற்றை அடித்தரையில் ஆங்காங்கே போட்டு வைக்கலாம். செலவில்லாத இந்த ஏற்பாடு பல இறால்களைக் காப்பாற்றும்.

மற்றொன்றையும் அறிந்திருங்கள். இவ்விறாலின் இளம் பருவம் உப்புக் கலந்த கழிமுக நீரில்தான் கழியும். ஆதலால் நம் குளத்தில் அது இனம் பெருக்காது. ஒவ்வோர் ஆண்டும் குஞ்சு வாங்கியே ஆக வேண்டும். அச்செலவைக் கணக்கில் எழுதிய பிறகே இறால் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

நீர்த்தாவரம்: நண்பனும் பகைவனும்

சிறிதளவு வேலம்பாசியும் அல்லியும் குளத்துக்கு நன்மையே. குஞ்சுகளுக்கு நிழலும் இறாலுக்கு மறைவிடமும் கிடைக்கும். பகலில் நீருக்குள் வளரும் தாவரம் உயிர்வளியை வெளியிடும். ஆனால் இரவில் அதுவும் மீனைப் போலவே உயிர்வளியை உட்கொள்ளும். ஆகையால் கொடி மண்டிய குளத்தில் விடியற்காலையில் உயிர்வளி மிகக் குறைந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதும், இறால்கள் கரையோரம் வந்து ஒதுங்குவதும் அதன் அடையாளம். அன்று உரமும் தீனியும் போடாதீர்கள். புதுநீர் பாய்ச்சுங்கள், இயலாவிடில் மூங்கிலால் நீரை அடித்துக் கலக்குங்கள்.

குளப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தாவரம் பரவ விடலாகாது. வெங்காயத் தாமரையும் ஆகாயத் தாமரையும் கண்ட அன்றே கையால் அகற்ற வேண்டியவை. அவை வெயிலை மறைத்து மீனுணவு விளையவொட்டாமல் தடுக்கும். அவற்றைப் புல் கெண்டை தின்று ஒழித்துவிடும் என்று காத்திருப்பது வீண்.

குளத்தை ஆயத்தம் செய்தல்

கோடையில் குளம் வற்றினால் அதுவே நல்வாய்ப்பு. தரை வெடிக்கும் வரை காயவிட்டால் சேற்றில் ஒளிந்திருக்கும் பகை மீன்கள் அழியும். வற்றாத குளமாயின் நம் இலுப்பைப் புண்ணாக்கு உதவும். அரை ஏக்கரில் மூன்றடி நீர் நின்றால் ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ தேவைப்படும். அதன் நஞ்சு தணிய மூன்று வாரமாகும். பின்னர் அதுவே உரமாகும். அக்காலத்தில் கால்நடைகளை அந்நீரில் விடலாகாது. நஞ்சு அயிரை, சிறு கெண்டை போன்ற நாட்டு மீன்களையும் கொல்லும் என்பதால், வேறு வழியில்லாதபோது மட்டும் இதனைக் கையாளுங்கள். குடிநீர் ஊருணியில் புண்ணாக்கும் வேண்டாம், சாணமும் வேண்டாம்.

பிறகு அரை ஏக்கருக்கு 40 கிலோ சுண்ணாம்பு தூவி, ஒரு வாரம் கழித்துச் சுமார் 500 கிலோ மாட்டுச் சாணம் இடலாம். நீர் இளம்பச்சை நிறம் கொண்டதும் குஞ்சு விடலாம். குஞ்சு வந்த பையை அப்படியே கவிழ்க்காமல், கால் மணி நேரம் நீரில் மிதக்கவிட்டுக் குளத்து நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, குஞ்சுகள் தாமே வெளியேறச் செய்யுங்கள். காலையோ மாலையோ இதற்கேற்ற வேளை. வளரும் நாளில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு கலந்து, மீன் தின்னும் அளவறிந்து கொடுத்தால் போதும்.

ஊராட்சி செய்ய வேண்டுவது

பெரியோர்களே! மீன்பாசிக் குத்தகையில் எவ்வளவு தொகை வந்தது என்று மட்டும் பார்ப்பது பழைய வழக்கம். எந்த இனம், எத்தனைக் குஞ்சு, எப்போது விட வேண்டும் என்பதையும் குத்தகை நிபந்தனையில் எழுதச் செய்யுங்கள். குளம் நிரம்பும் பருவத்துக்கு முன்பே ஏலத்தை முடியுங்கள். நீர் பாதி வற்றிய பிறகு ஏலம் எடுத்தவர் நல்ல குஞ்சு வாங்கி விட முன்வர மாட்டார். கிடைத்ததை அரித்துச் செல்வார். குஞ்சு விடும் நாளில் உறுப்பினர் இருவர் நேரில் நின்று இனத்தையும் எண்ணிக்கையையும் பார்த்துப் பதிவேட்டில் குறிக்கட்டும். ஐயமிருப்பின் மாவட்ட மீன்வள அலுவலகத்தின் ஆலோசனையைக் கேளுங்கள்.

ஒரு குளம் ஊருக்கெல்லாம் பொது. அதில் கால்நடைக்கும் பங்குண்டு, பாசனத்துக்கும் பங்குண்டு, குத்தகைதாரருக்கும் பங்குண்டு. ஊரில் இத்தனை பேர் விட்டுக்கொடுத்து வாழ்வது போலவே, நீரிலும் இடமறிந்து விட்ட மீன்கள் ஒத்து வாழும். இடமறியாது விட்டவை ஒன்றையொன்று அழிக்கும். வரும் மழைக்கு முன் உங்கள் மன்றக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துக்கொண்டு, எந்தக் குளத்தில் எவ்வினம் என்று ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.