நச்சில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் யார்?

(பெங்களூருவில் கட்டுமானத் தொழிலாளர்களிடையே நடைபெற்ற அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காலையில் பல் துலக்கும் பசை தொடங்கி இரவில் ஏற்றிவைக்கும் கொசுவர்த்தி வரை, ஓர் உழைப்பாளிக் குடும்பம் நாள்தோறும் தொட்டும் முகர்ந்தும் பழகும் வேதிப்பொருட்கள் ஏராளம். சலவைத்தூள், தரை கழுவும் திரவம், சுவருக்குப் பூசும் பெயிண்ட், வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து என்று பட்டியல் நீளும். இவை உடலுக்கும் நீருக்கும் மண்ணுக்கும் என்ன செய்யும் என்பதைச் சோதித்தவர் யார்? கடைக்கு வருவதற்கு முன்பு சோதித்தாரா, வந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்பு சோதித்தாரா? இதற்கான விடையை இந்தப் பெங்களூரு நகரத்திலேயே தேடலாம்.

1990களின் பிற்பகுதியில், இங்குள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷும் ஜார்ஜ் பவுண்டேஷன் என்ற அமைப்பும் இணைந்து ஒரு பெரும் பணியை மேற்கொண்டனர். பெங்களூரு, சென்னை, மும்பை, தில்லி உள்ளிட்ட நகரங்களில் குழந்தைகளின் ரத்தத்தை எடுத்து அதில் காரீயம் எவ்வளவு உள்ளது என்று அளந்தனர். பரிசோதிக்கப்பட்ட 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தில், அன்று அபாய எல்லையாகக் கருதப்பட்ட டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைக் கடந்து காரீயம் இருந்தது. 1999 பிப்ரவரியில் இது குறித்த பன்னாட்டு மாநாடு பெங்களூருவில் கூடியது. அடுத்த ஆண்டு, 2000 பிப்ரவரி 1 முதல், காரீயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது.

காரீயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு நினைவுக்கு வரலாம். அது வெள்ளீயம், வேறு உலோகம். (மலிவுக்காக அதில் காரீயம் கலக்கப்பட்டால் அதுவும் நஞ்சே.) காரீயத்திற்கு உடலில் எந்த வேலையும் இல்லை. ஆனால் உடல் அதைச் சுண்ணாம்புச் சத்து என்று தவறாகக் கருதி எலும்பில் சேமித்துக்கொள்கிறது. அங்கே பல பத்தாண்டுகள் தங்கி, கருவுற்ற காலத்தில் எலும்பிலிருந்து கசிந்து தாயின் ரத்தம் வழியே சிசுவைச் சென்றடைகிறது. வளர்ந்தவர்களைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு கூடுதலாகக் குழந்தையின் குடல் அதை உறிஞ்சுகிறது. ரத்தசோகை, வயிற்றுவலி, கவனமின்மை, கற்கும் திறன் குறைவு ஆகியவை பின்தொடர்கின்றன. வகுப்பில் "மக்கு" என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் பெயிண்டரின் பிள்ளைகள், பழைய பேட்டரியை உடைத்து உருக்குபவரின் பிள்ளைகள் என்று எந்தப் பள்ளிக்கூடமும் கணக்கெடுத்ததில்லை.

பெட்ரோலில் காரீயம் கலக்கும் யோசனை அமெரிக்காவில் பிறந்தது. அதைத் தயாரித்து விற்க ஜெனரல் மோட்டார்ஸும் நியூஜெர்சியின் ஸ்டாண்டர்ட் ஆயிலும் 1924இல் எத்தில் கார்ப்பரேஷனைத் தோற்றுவித்தன. அதே ஆண்டு அக்டோபரில், ஸ்டாண்டர்ட் ஆயிலின் நியூஜெர்சி ஆலையில் அந்தக் கூட்டுப்பொருளைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி விழுந்தனர், ஐவர் மாண்டனர். தொழில்நோய் மருத்துவத்தின் முன்னோடி ஆலிஸ் ஹாமில்டன் இதைத் தெருவில் விடக்கூடாது என்று எச்சரித்தார். கம்பெனிகளின் பணத்தில் ஆய்வு நடத்திய ராபர்ட் கெஹோ என்ற மருத்துவர் வேறொரு வாதத்தை வைத்தார்: மனித உடலில் காரீயம் இயல்பாகவே உண்டு, தீங்கு விளைகிறது என்று ஐயத்திற்கிடமின்றி நிரூபித்துக் காட்டினால் நிறுத்துகிறோம், அதுவரை விற்போம்.

எளிமையாகத் தோன்றும் இந்த வாதத்தில்தான் சூழ்ச்சி அடங்கியிருக்கிறது. விற்பவர் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் பாதிப்பை நிரூபிக்க வேண்டும். அதற்குரிய கருவியும் பணமும் ஆய்வகமும் விற்பவரிடம் உள்ளன. 1965இல் புவிவேதியியலாளர் கிளேர் பாட்டர்சன், உடலில் "இயல்பாக" உள்ளதாகச் சொல்லப்பட்ட காரீயத்தின் பெரும்பகுதி ஆலைகளும் வாகனங்களும் கொட்டியதே என்று அம்பலப்படுத்தினார். இருந்தும் உலகில் கடைசி நாடாக அல்ஜீரியா அந்தப் பெட்ரோலை நிறுத்தியது 2021இல்தான். ஏறத்தாழ நூறாண்டுகள் மனிதகுலமே சோதனை எலியாக இருந்திருக்கிறது.

"பாதுகாப்பான அளவு" என்ற சொல்லையும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். 1960களில் அமெரிக்கக் குழந்தைகளுக்கு 60 மைக்ரோகிராம் வரை கவலையில்லை என்றனர். 1991இல் அது 10 ஆயிற்று, 2012இல் 5, 2021இல் 3.5. குழந்தையின் உடல் மாறவில்லை, அளக்கும் கண்தான் கூர்மையடைந்தது. பாதுகாப்பான அளவென ஒன்று காரீயத்திற்குக் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் இன்று கூறுகிறது. 2020இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டின்படி, 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் உள்ள இந்தியக் குழந்தைகள் சுமார் 27.5 கோடி.

பெட்ரோலிலிருந்து காரீயம் போனது, பெயிண்டிலிருந்து போகவில்லை. கட்டடங்களின் உட்புறத்தில் காரீய வெள்ளை நிறமியைப் பூசத் தடைவிதிக்கும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921லேயே நிறைவேற்றியது. இந்தியா அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. வீட்டு பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற கட்டாய விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் கழிந்தவை 96 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் பூசப்பட்ட கதவுகளையும் கிராதிகளையும் இன்று உப்புத்தாள் கொண்டு தேய்ப்பவர் தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்த தொழிலாளி. அந்தத் தூசு அவர் சட்டையோடு வீடு சேர்கிறது.

மனித உடலிலிருந்து ஏரிக்கு வருவோம். பெல்லந்தூர் ஏரி 2015இலும், 2017 பிப்ரவரியிலும், 2018 ஜனவரியிலும் தீப்பற்றியது. கடைசி முறை ராணுவ வீரர்கள் இறங்கி அணைக்க வேண்டியதாயிற்று. ஏரிக்கோடியிலிருந்து எழும் வெண்ணுரை காற்றில் பறந்து சாலையை மூடும் காட்சியை நகரமே பார்த்தது. இந்திய அறிவியல் நிலைய ஆய்வாளர்கள் அந்த நீரையும் நுரையையும் ஆராய்ந்து, சலவைப்பொருட்களின் நுரைக்கும் கூறுகளும் பாஸ்பரஸும் அதில் திரண்டிருப்பதைக் காட்டினர். சலவைத்தூளின் முதன்மையான நுரைக்கும் பொருள் ஆய்வகச் சோதனையில் எளிதில் மக்கக்கூடியது என்று தேறிய பொருள்தான். ஆனால் அந்தச் சோதனை ஆக்சிஜன் நிறைந்த நீரில் நடப்பது. சுத்திகரிக்கப்படாத சாக்கடை நிறைந்து, ஆக்சிஜன் அற்றுப்போன ஏரியில் அது மக்குவதில்லை. பாஸ்பேட் உரமாகி ஆகாயத்தாமரையை வளர்க்கிறது. அது அழுகும்போது எஞ்சிய ஆக்சிஜனும் போகிறது. சோதனை பொய்யில்லை, சோதித்த நீர் வேறு. இந்த நீர் தென்பெண்ணையில் கலந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலும் நுரைக்கிறது. துணி துவைக்கும் பெண்ணைக் குற்றவாளியாக்குவோர், சுத்திகரிப்பு நிலையம் கட்டாமல் அடுக்குமாடிகளுக்கு அனுமதி அளித்த அரசுகளைப் பற்றிப் பேசுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சலவைத்தூளில் பாஸ்பேட்டுக்கு 2013 முதல் கடும் வரம்பு விதித்துள்ளது. அங்கே அந்த வரம்புக்குள் தயாரிக்கும் பன்னாட்டுக் கம்பெனிகள் இங்கும் கடை விரித்துள்ளன.

பூச்சிமருந்து டப்பாவில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்களும் இதே கதைதான். சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லத் தேவையான அளவைக் கொண்டு அவை வகுக்கப்படுகின்றன. உடனடிச் சாவை அளக்கும் அளவுகோல் அது. ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக உள்ளே போனால் என்ன ஆகும் என்பதைப் பச்சை முக்கோணம் சொல்லாது.

1958இல் கேரளத்தில், பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கப்பலில் கோதுமை மாவோடு கலந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகே, 1968இல் பூச்சிக்கொல்லிகள் சட்டம் வந்தது. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்டு, ஊனமுற்ற குழந்தைகள் பிறந்தபோதும் கெஹோவின் குரலே ஒலித்தது: நிரூபணம் எங்கே? இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்க 2017 ஜனவரியில் உத்தரவிட்டது. போராடாமல் கிடைத்த தடை இது இல்லை.

ஐரோப்பாவில் 2007 முதல் நடைமுறையில் உள்ள ரீச் சட்டத்தின் விதி: தரவு இல்லையேல் சந்தை இல்லை. தயாரிப்பாளரே சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். அதிலும் கம்பெனிகள் தாமே தயாரித்த தரவை நம்பும் ஓட்டை உண்டு. ஆயினும் நிரூபிக்கும் சுமை இடம் மாறியது. இந்தியாவில் இத்தகைய விதிகளின் வரைவு 2020இல் சுற்றுக்கு விடப்பட்டது. தொழில் நடத்துவோரின் வசதியைக் காட்டி அது தள்ளிக்கொண்டே போகிறது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் அட்டவணையில் காரீய நச்சை முதலாவதாக வைத்தது. அறிவிக்கும் கடமை ஆலை நிர்வாகத்துக்கும் மருத்துவருக்கும் உரியது. தேதிக் கூலிக்குப் பெயிண்ட் அடிப்பவருக்கு ஆலையும் இல்லை, நிர்வாகமும் இல்லை. எனவே அவருடைய நோய் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. உலர்ந்த சுவரை நீர் தெளித்து ஈரமாக்கித் தேய்ப்பது, வேலை உடுப்பைத் தனியே துவைப்பது ஆகியவற்றை இன்றே செய்யலாம். காரீயத்தைக் கண்டறியச் சில துளி ரத்தம் போதும். பெயிண்டர்களுக்கும் அவர்தம் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் செலவில் இந்தப் பரிசோதனை நடத்தப்பட வேண்டும், முடிவுகள் தொழிலாளியின் கையில் எழுத்துமூலம் தரப்பட வேண்டும் என்ற கோரிக்கையைச் சங்கக் கிளைகள் வாரியத்தின் முன் எடுத்துச் செல்ல வேண்டும்.