கண்ணாடி போயிடும், மைனஸ் கண் போகாது

ஆபீஸ் டீ பிரேக்ல அடிக்கடி காதுல விழுற டயலாக் இது: "லேசிக் பண்ணிட்டேன்டா, இனி கண் பிரச்சினையே இல்லை." லேசிக் பண்றதுல தப்பே இல்லை. ஆனா பவர் மைனஸ் 6, அதுக்கும் மேல இருந்தவங்களுக்கு அந்த ரெண்டாவது பாதி பொருந்தாது. ஏன்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

சாதாரணக் கண் முன்னாடியிலிருந்து பின்னாடி வரை சுமார் 24 மில்லிமீட்டர். அதிக மைனஸ் பவர் உள்ளவங்களுக்கு அது பெரும்பாலும் 26-ஐத் தாண்டிடும். 2 மில்லிமீட்டர்தானேன்னு தோணும். ஆனா உள்ளே இருக்கிற ரெட்டினா அந்த நீளத்துக்கு இழுபட்டு மெலிஞ்சு போகுது. லேசிக் மாத்துறது முன்பக்கக் கருவிழியை. ஐ.சி.எல். லென்ஸ் வைக்கிறதும் முன்பக்கம்தான். கேமராவுல லென்ஸ் புதுசு, சென்சார் அதே பழசு.

கண்ணுக்குள்ள இருக்கிற ஜெல் சுருங்கி இழுக்கும்போது மெலிஞ்ச ரெட்டினா கிழியலாம். அந்தக் கிழிசல் வழியா நீர் பின்னாடி போனா, ஓதம் ஏறின சுவத்துல பெயிண்ட் உரியிற மாதிரி ரெட்டினா உரியும். இதுதான் ரெட்டினல் டிடாச்மென்ட். ஒரு காலத்துல இதுக்கு வைத்தியமே இல்லைன்னு நினைச்சாங்க. சுவிட்சர்லாந்துல லோசான் நகரத்து டாக்டர் ஜூல் கோனின்தான், கிழிசலைத் தேடி அடைச்சா ரெட்டினா திரும்ப ஒட்டும்னு 1920கள்ல நிரூபிச்சார்.

இன்னைக்கும் அடிப்படை அதேதான். வெறும் கிழிசல்னா, பெரும்பாலும் அதைச் சுத்தி லேசர் போட்டா போதும். உரிஞ்சிருந்தா ஆபரேஷன். கண்ணுக்கு வெளியே சிலிக்கான் பட்டை வச்சு அழுத்துவாங்க. இல்லைன்னா விட்ரெக்டமி பண்ணி, ஜெல்லை எடுத்துட்டு வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்புவாங்க. வாயுன்னா, அது கரையிற வரை ஃப்ளைட் ஏறக்கூடாது. உயரத்துல அது விரிஞ்சு கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிடும். எண்ணெய்னா, அதை எடுக்கப் பெரும்பாலும் இன்னொரு ஆபரேஷன் இருக்கு.

இதுல எல்லாமே நேரம்தான். படிக்க, முகம் பார்க்க உதவுற நடுப்பகுதி மேக்குலா. உரியிறது அங்கே வர்றதுக்குள்ள சரி பண்ணிட்டா பார்வையைக் காப்பாத்த நல்ல வாய்ப்பு இருக்கு. அதுவும் உரிஞ்சிட்டா, திரும்ப ஒட்டினாலும் பழைய பார்வை முழுசா வராமப் போகலாம். சிக்கல் என்னன்னா, வலியே இருக்காது. அதனால ஸ்பிரின்ட் முடியட்டும், வீக்கெண்ட் வரட்டும்னு தள்ளிப்போடத் தோணும்.

தள்ளாதீங்க. திடீர்னு கண் முன்னாடி நிறையப் பூச்சி பறக்கிற மாதிரி இருந்தாலோ, ஓரத்துல மின்னல் வெட்டினாலோ, ஒரு பக்கம் திரை இறங்கினாலோ, அன்னைக்கே ரெட்டினா டாக்டரைப் பாருங்க.

ஒண்ணும் இல்லைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை, சொட்டு மருந்து விட்டு கண் பாப்பாவை விரிய வச்சுப் பார்க்கிற ரெட்டினா செக்கப் அவசியம். சில மணி நேரம் ஸ்க்ரீன் மங்கலாத் தெரியும், அதுக்கு ஏத்த மாதிரி லீவ் போட்டுக்கோங்க. முக்கியமா, லேசிக் பண்ணவங்க பழைய பவரைச் சொல்லிடுங்க. கண்ணாடி இல்லாமப் போய் உக்காந்தா, அது மைனஸ் 8 கண்ணுன்னு டாக்டருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.