குளிர்மலையில் மீன்களின் வெண்புள்ளி நோய்

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே நிகழ்த்திய உரை)

 

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பது நல்லதொரு பொழுதுபோக்கு. பிள்ளைகளுக்கு அது பொறுப்பையும் இரக்கத்தையும் கற்பிக்கிறது. ஆனால், சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்கிய மீன்கள் சில நாள்களிலேயே ஒன்றன்பின் ஒன்றாக மடிந்துவிடுமானால், பிள்ளைகள் மனம் வாடிப்போகின்றனர். இவ்விழப்புக்குப் பல வேளைகளில் ஓர் ஒட்டுண்ணியே காரணமாகும். அதனைக் குணப்படுத்தும் முறையை, குறிப்பாக இக்குளிர்மலைக்கு ஏற்ற முறையை, இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அந்நோய்க்கு வெண்புள்ளி நோய் என்று பெயர். மீனின் உடலிலும் துடுப்பிலும் உப்புத்தூளைத் தூவியதுபோல் வெண்ணிறப் புள்ளிகள் தோன்றும். மீன் கல்லிலும் மணலிலும் உடலை உரசும், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும், இரையை வெறுக்கும். ஒட்டுண்ணி செவுளைப் பற்றிவிட்டால் மீன் மூச்சுத் திணறி, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும். ஓரணு உயிர் ஒன்றே இந்நோயை உண்டாக்குகிறது. 1876ஆம் ஆண்டில் ஃபூக்கே என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனை ஆராய்ந்து பெயரிட்டார்.

வெள்ளையாகத் தெரிவன யாவும் இந்நோயல்ல. ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள்மூடியின்மேலும் மார்புத்துடுப்பின் முன்விளிம்பிலும் சிறு வெண்முட்கள் அரும்பும்; அது இயற்கை. நூல்போல ஒன்று மீனின் உடலிலிருந்து தொங்கினால் அது நங்கூரப்புழு. தட்டையாய், வட்டமாய், ஊர்ந்து நகர்வது மீன்பேன். இவற்றிற்கு மருத்துவம் வேறு. ஆகவே, முதலில் நோயை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

வெண்புள்ளி ஒட்டுண்ணியின் வாழ்க்கை மூன்று நிலைகளை உடையது. முதல் நிலையில் அது மீனின் தோலுக்குள் புகுந்து தின்று வளர்கிறது. அப்போது எந்த மருந்தும் அதனை எளிதில் அணுகாது. இரண்டாம் நிலையில் அது மீனை விட்டு நீங்கி, தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. மூன்றாம் நிலையில் அக்குஞ்சுகள் வெளிப்பட்டு, மீனைத் தேடி நீந்துகின்றன. மருந்துக்கு அகப்படுவது இந்த மூன்றாம் நிலை ஒன்றே!

எனவே, மீனின்மேல் புள்ளி மறைந்ததும் நோய் தீர்ந்தது என்று எண்ணுவது தவறு. இலையைக் கிள்ளிவிட்டு வேரை விட்டுவைத்தால் களை மீண்டும் தழைப்பதை நீங்கள் அறிவீர்கள். புள்ளி மறைந்த நாளில் ஒட்டுண்ணி மணலுக்குள் பெருகிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வேறுபாட்டை உணர வேண்டும். ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் இவ்வொட்டுண்ணியின் முழுச் சுற்றும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 10 டிகிரிக் குளிரிலோ ஒரு மாதத்துக்கும் மேல் நீளும். தாழ்நிலத்து ரப்பர்த் தோட்டங்களில் நோய் விரைந்து பரவும். அங்கே ஒரு நாளும் தாமதிக்கலாகாது. தானா ராத்தா, பிரிஞ்சாங் போன்ற இடங்களில் நோய் மெல்லப் பரவும், மெல்லவே நீங்கும். ஆதலால், சமவெளியில் இரு வாரம் செய்யும் மருத்துவத்தை இங்கே நான்கு வாரம் தொடர்வது நன்று.

மருந்து எது? சமையல் உப்பே போதும். தொட்டியின் நீளம், அகலம், நீரின் உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 1,000ஆல் வகுத்தால் நீரின் அளவு லிட்டரில் கிடைக்கும். 40 நீளம், 25 அகலம், 20 உயரம் எனில் 20 லிட்டர். லிட்டருக்கு 3 கிராம் வீதம் 60 கிராம் உப்பு தேவை. அதை ஒரே நாளில் கொட்டாமல், நாளொன்றுக்கு 20 கிராமாகக் கரைத்து, மூன்று நாள்களில் சேர்க்க வேண்டும். நாள்தோறும் அடிக்கழிவை உறிஞ்சியெடுத்து, கால்பங்கு நீரை மாற்றுக. மாற்றிய நீருக்குரிய உப்பை மட்டும் மீண்டும் சேர்க்க. குழாய்நீரை ஒரு நாள் திறந்துவைத்த பின்னரே ஊற்ற வேண்டும். நீர்ச்செடிகளும் கெளுத்தி வகை மீன்களும் உப்பைத் தாங்கா.

கப்பி முதலிய வெப்பநாட்டு மீன்களுக்கு ஹீட்டர் வைத்து, சிறிது சிறிதாக 30 டிகிரி வரை வெப்பத்தை உயர்த்தினால் குணம் விரைவில் கிட்டும். வெந்நீரில் காற்று குறைவாதலால், காற்றுக் குழாய் இடைவிடாது இயங்க வேண்டும். நீரில் கைவைக்குமுன் மின்சாரத்தை நிறுத்த மறவாதீர். தங்கமீன் குளிர்நீரை விரும்புவது. அதற்கு உப்பும் பொறுமையும் போதும்.

கடை மருந்து வாங்கினால், உறையில் குறித்த அளவை மீறாதீர். வடிகட்டியிலுள்ள கரியை அகற்றிவிடுக, அது மருந்தை உறிஞ்சிவிடும். மலகைட் பச்சை கலந்த மருந்தை உண்ணும் மீனுக்கு ஒருபோதும் இடலாகாது. கையுறையின்றி அதைத் தொடவும் வேண்டா. தேயிலைக்கும் காய்கறிக்கும் தெளிக்கும் பூச்சிமருந்தைத் தொட்டியில் ஊற்றுவது பெருங்கேடு. மீன் மடிவதோடு, அந்நீரில் கைவிடும் குழந்தைக்கும் தீங்கு நேரலாம்.

வருமுன் காப்பதே அறிவுடைமை. தாப்பாவிலோ ஈப்போவிலோ வாங்கிய மீன் வெதுவெதுப்பான நீரிலிருந்து திடீரெனக் குளிர்நீருக்கு வந்தால் அதன் எதிர்ப்பாற்றல் குன்றும். பையை மூடியவாறே சிறிது நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, குளிர்ச்சி ஒன்றிய பின்னரே மீனை விடுக. முதல் நான்கு வாரம் புதிய மீனைத் தனித் தொட்டியில், தனி வலையுடன் வைத்துக் கவனிக்க வேண்டும். நோய்கண்ட தொட்டியின் நீரையும் மீனையும் ஓடையில் கொட்டாதீர். பெர்த்தாம் ஆறு ரிங்லெட் ஏரிக்குச் செல்கிறது. அங்கும் மீன்கள் வாழ்கின்றன.

அன்பர்களே! உப்புக்கு ஆகும் செலவு சில காசுகளே. வேண்டுவது நாள் தவறாத கவனம். அதைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். நாள்காட்டியில் நான்கு வாரத்தையும் குறித்துவைக்கச் செய்யுங்கள். தொட்டி மீன்களும் பிழைக்கும்; தொடங்கிய வேலையை முடிக்கும் பழக்கமும் பிள்ளைகளிடம் வளரும்.